பெயரோடு ஒட்டின வேடங்கள்

எங்கட வீட்டுப் பெரியாக்களிட்ட ‘ராமதாஸ்’ எண்டால் யோசிப்பினம்; ‘மரைக்கார் ராமதாஸ்’ எண்டால் உடன சிரிப்பினம். இலங்கை வானொலியில் அவர் எழுதி நடித்த ‘கோமாளிகளின் கும்மாளம்’ செய்த வேலை அது. 1976இல் ‘கோமாளிகள்’ என்று படமாகவும் வந்தது.

ராமதாஸ் முஸ்லிம் மரைக்கார், அப்துல் ஹமீத் ஐயர், செல்வசேகரன் சிங்கள வாடைத் தமிழ் கதைக்கிற உபாலி, ராஜகோபால் யாழ்ப்பாணத்து அப்புக்குட்டி. நால்வரில் மூவருக்கு வேடம் பெயராகவே ஒட்டிவிட்டது. பிறகும் அவை ‘உபாலி’ செல்வசேகரன், ‘அப்புக்குட்டி’ ராஜகோபால்தான்.

நடிகருக்கு இது பரிசா, பாரமா? ரெண்டும்தான். ஆனால் இண்டைக்கு ஃபோனில நாங்கள் பார்க்கிற பகிடிகளில அகப்படுறது எப்பவும் அடுத்தவையின்ர தமிழ். கோமாளிகளில் எங்கட யாழ்ப்பாணத் தமிழும் மற்றத் தமிழ்களோட ஒரே வரிசையில நிண்டு சிரிப்பு வாங்கினது. அதாலதான் அந்தப் பெயர்கள் வசையாகாமல் செல்லப்பெயராக நிலைச்சது எண்டு நினைக்கிறம்.