பொறந்த ஊர்ல ஓட்டு இருக்காம்மா?

2025 டிசம்பர் 19 அன்று வெளியான தமிழக வரைவு வாக்காளர் பட்டியலில், முந்தைய பட்டியலில் இருந்த ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் இல்லை. அவற்றில் 66 லட்சத்துக்கு மேற்பட்டவை குடிபெயர்ந்தவர், முகவரியில் இல்லாதவர் கணக்கில் போனவை. இத்தனை பேரை எப்படித் தேடினார்கள் என்று நேரில் பார்க்க விரும்பினேன். மண்ணச்சநல்லூரில் ஆசிரியராக இருக்கும் நண்பர், திருவெள்ளறையில் வாக்குச்சாவடி நிலை அலுவலர் (பி.எல்.ஓ.) வேலையும் சேர்த்துப் பார்க்கும் அங்கன்வாடி அக்கா ஒருவரிடம் அனுப்பிவைத்தார்.

மார்கழிக் கடைசி. பிள்ளைகளைச் சாப்பிடவைத்து அனுப்பிய பிறகுதான் அக்கா படிவக் கட்டை எடுத்தார். புண்டரீகாக்ஷப் பெருமாள் கோயில் மதிலோரமாக நடந்து, மாமியார் மருமகள் கிணறு என்று ஊரார் சொல்லும் பல்லவர் காலக் கேணியைத் தாண்டி, ஒரு வீட்டு வாசலில் நின்றார். புதிதாகப் பெயர் சேர்க்க அந்த வீட்டு மருமகள் படிவம் 6 கொடுத்திருந்தாள்.

ஆதாரைப் பார்த்தார். போட்டோவையும் முகத்தையும் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஏம்மா, பொறந்த ஊர்ல ஓட்டு இருக்கா?"

"முசிறில இருக்குக்கா. போன தடவைகூடப் போட்டேன்."

அந்த ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறார் என்று எனக்கு அப்போது புரிந்தது. முசிறி வரைவுப் பட்டியலில் தேடினால் பெயர் அப்படியே இருந்தது. அப்படியென்றால் இவள் தர வேண்டியது முகவரி மாற்றத்துக்கான படிவம் 8. படிவம் 6-இல், வேறு எங்கும் தன் பெயர் இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். பொய்யென்று தெரிந்தே அப்படி எழுதிக்கொடுத்தால் ஓராண்டு வரை சிறை என்கிறது 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். அந்தப் பெண்ணுக்கு இது எதுவும் தெரியாது. கம்ப்யூட்டர் கடையில் காசு வாங்கிக்கொண்டு யாரோ நிரப்பித் தந்தது.

இந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. இந்தப் படிவங்களுக்குக் கட்டணமே கிடையாது. கட்டணமில்லாத ஒன்றுக்குக் காசு பிடுங்குவது ஒரு கொள்ளை. ஒரு கேள்விகூடக் கேட்காமல் தவறான படிவத்தைத் தள்ளிவிடுவது அதைவிடப் பெரிய அநியாயம். இரட்டைப் பதிவு என்று பெயர் அடிபட்டால் அலையப்போவது கடைக்காரர் அல்ல. கல்யாணமாகி ஊர் மாறுகிற ஒவ்வொரு பெண்ணும் இந்தக் குழியைத் தாண்டித்தான் ஓட்டுப் போட வேண்டியிருக்கிறது.

அக்காவும் அப்படி வாக்கப்பட்டு வந்தவர்தான். அவர் பெயர் இந்த ஊர்ப் பட்டியலுக்கு வந்து சேர்வதற்குள் ஒரு தேர்தலே முடிந்துவிட்டதாம். "அதனாலதான் சார், மருமகப் பொண்ணுங்க ஃபார்ம் வந்தா நான் வாசல்லயே உக்காந்துருவேன்." அன்றும் உட்கார்ந்தார். செல்போனிலேயே படிவம் 8-ஐ நிரப்பிக் கொடுத்தார். ஒரு பைசா வாங்கவில்லை.

விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் பி.எல்.ஓ.வுக்கு இல்லை. அவர் விசாரித்து எழுதுவதை வைத்து முடிவெடுப்பவர் வாக்காளர் பதிவு அலுவலர். அந்த முடிவை எதிர்த்துக் கலெக்டரிடம் மேல்முறையீடு செய்யலாம். பி.எல்.ஓ. வேலைக்கு ஆண்டு மதிப்பூதியம் வெகுகாலம் 6,000 ரூபாய். 2025-இல்தான் 12,000 ஆக்கினார்கள். மாதம் ஆயிரம். கடமை தவறினால் மட்டும் சிறைத் தண்டனை வரை போகும்.

அடுத்த வீடு பூட்டிக் கிடந்தது. விண்ணப்பித்த பையன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான் என்றார் பக்கத்து வீட்டுப் பாட்டி. அக்கா வருவது அது மூன்றாவது தடவை.

"பொங்கலுக்கு வருவானா பாட்டி?"

"வராம?"

"வந்தா எனக்கு ஒரு போன் அடிக்கச் சொல்லுங்க. அதுவரைக்கும் ஆளு இல்லன்னு எழுத மாட்டேன்."