மரத்தடியில் ஒரு மனிதர்

மிதிவண்டிப் பந்தயங்களின் பழைய புகைப்படங்களுள் ஒன்று சில மாதங்களாக என் சிந்தையை விட்டு அகலாதிருக்கிறது. 1950 ஆம் ஆண்டு ஜூலை 27 ஆம் நாள் பிரான்சின் தென்பகுதியில் எடுக்கப்பட்ட படம் அது. சாலையோரத்து மரமொன்றில் முதுகைச் சாய்த்து, தன் நினைவு தன்னிடம் இல்லாதவராய் அமர்ந்திருக்கிறார் ஒரு பந்தய வீரர். அப்துல் காதிர் ஸாஃப் என்பது அவர் பெயர். அல்ஜீரிய நாட்டு முஸ்லிம். பந்தயத்தின் நடுவே மது அருந்தி மயங்கி, விழித்தெழுந்ததும் வந்த வழியே திரும்பி ஓட்டிச் சென்றவர் என்று எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் அவரைச் சொல்லிச் சிரித்து வருகிறது.

இப்படத்தை எனக்குக் காட்டியவன் என் பேரன். "அப்பா, இவங்க குடிச்சிருக்காங்களா?" என்று கேட்டான். (எங்கள் வீட்டில் பாட்டனாரை அப்பா என்றே அழைப்பது வழக்கம்.) "படத்தில் எங்கே தெரிகிறது?" என்றேன். "கீழே எழுதியிருக்கே" என்றான்.

அன்று முதல் அப்படத்தைப் பலமுறை உற்று நோக்கியிருக்கிறேன். மரம் தெரிகிறது, மனிதர் தெரிகிறார். அவர் தளர்ந்திருப்பதும் தெரிகிறது. மது தெரியவில்லை. தெரியவும் முடியாது. வாடையைப் பிடித்து வைக்கும் கருவி எதுவும் புகைப்படக்காரரிடம் இல்லை. வெயிலில் மயங்கியவருக்கும் மதுவில் மயங்கியவருக்கும் கறுப்பு வெள்ளைப் படத்தில் முகம் ஒன்றுதான். அவர் எதிர்த்திசையில் ஓட்டியதும் இப்படத்தில் இல்லை. அது வேறொரு கணத்தில் நிகழ்ந்தது. ஆக, படம் சொல்லாதவற்றையெல்லாம் படத்தின் பெயரால் நாம் நம்பி வந்திருக்கிறோம்.

பனையோடு பழகிய நம் சீமைக்காரர்களுக்கு இது புதிய செய்தியன்று. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து கிழக்கே சென்றால் தேரிக்காட்டுப் பனைகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நிற்கும். ஒரே பாளை, ஒரே கலயம். உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் இறங்குவது பதநீர், தடவாவிட்டால் கள். பட்டையில் ஊற்றிக் குடிப்பவனைத் தூரத்திலிருந்து படம் பிடித்தால் எதைக் குடிக்கிறான் என்று எவரால் சொல்ல முடியும்? பனைமரத்தின் கீழ் நின்று பாலைக் குடித்தாலும் கள் என்பார்கள் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தது இதனால்தான். ஸாஃப் சாய்ந்திருந்தது பனைமரம் அல்ல. ஆயினும் சுற்றிலும் இருந்தது திராட்சைத் தோட்டங்களும் மதுப் புட்டிகளும் நிறைந்த நாடு.

அன்று நடந்தது இதுதான். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின் 13 ஆம் கட்டம், பெர்பிஞான் நகரிலிருந்து நீம் நகர் வரை, 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரம். அல்ஜீரியா அந்நாளில் பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்தது. 1962 இல்தான் விடுதலை பெற்றது. வட ஆப்பிரிக்க அணியின் சார்பில் வந்த ஸாஃபும், அதே அணியைச் சேர்ந்த மார்செல் மொலினேஸும் கூட்டத்தை விட்டுப் பிரிந்து வெகுதூரம் முன்னேறினர். கொடிய வெயில். முடிவிடம் நெருங்கும் வேளையில் ஸாஃபின் வண்டி சாலையின் இரு ஓரங்களுக்கும் அலைந்தது, அவர் விழுந்தார். மக்கள் தூக்கிச் சென்று மரநிழலில் அமர்த்தினர். மொலினேஸ் தனியே சென்று வென்றார். அப்பந்தயத்தில் ஒரு கட்டத்தை வென்ற முதல் ஆப்பிரிக்க வீரர் அவரே. ஆனால் அவர் பெயரை இன்று நினைப்பவர் சிலரே.

மது எங்கிருந்து வந்தது? தாகத்தால் தவித்தவருக்கு வழியில் நின்றவர்கள் புட்டியை நீட்டினர், பழக்கமில்லாத உடல் தாங்கவில்லை என்பர் ஒரு சாரார். மயங்கிக் கிடந்தவரைத் தெளிவிக்கக் கையில் இருந்த மதுவையே அவர்மீது ஊற்றினர், அதனால்தான் வாடை அடித்தது என்பர் மற்றொரு சாரார். அக்காலப் பந்தய வீரர்கள் விழுங்கிய ஊக்க மாத்திரைகளே காரணம் என்போரும் உண்டு. பிரான்சில் அவற்றைத் தடுக்கும் சட்டம் 1965 இல்தான் வந்தது.

என் மனம் இரண்டாவது வரலாற்றின் பக்கமே சாய்கிறது. ஸாஃப் முஸ்லிம் என்பதற்காக மட்டுமன்று. 1960களில் எங்கள் ஊர்த் திடலில் இரவு பகலாக இறங்காமல் சைக்கிள் சுற்றும் வீரர் ஒருவர் வந்திருந்தார். மூன்றாம் நாள் உச்சிவேளையில் அவர் தலை தொங்கியது. வண்டி வட்டத்தை விட்டு விலகிக் கூட்டத்துக்குள் புகுந்தது. "ஊத்திட்டு வந்திருக்கான்" என்றார் என்னருகில் நின்ற ஒருவர். வேறொருவர் குடத்துத் தண்ணீரை அவர் தலையில் கவிழ்த்தார். கண் திறந்த அந்த மனிதர் வண்டியை எதிர்ப்புறமாகத் திருப்பிச் சுற்றத் தொடங்கினார்! வாண்டுகள் நாங்கள் கைகொட்டிச் சிரித்தோம். ஊற்றியது தண்ணீர் என்பதால் கதை அத்துடன் முடிந்தது.

திசை மாறியதும் அப்படியொன்றும் பெரிய புதிர் அல்ல. நம் திருச்செந்தூர் சாலையில் ஒருவர் களைத்துப் படுத்து எழுந்தால், தாமிரபரணி எப்பக்கம் என்று பார்த்தே கிழக்கு மேற்கு சொல்லிவிடுவார். இருபுறமும் மரங்கள் வரிசையாக நிற்கும் முன்பின் அறியாத சாலையில், பிறர் தூக்கி வந்து உட்காரவைத்த மனிதருக்கு எது அடையாளம்?

இன்னொரு படத்தையும் இதனருகே வைத்துப் பார்க்க வேண்டும். அதே பந்தயத்தில், சில நாட்களுக்குள், வெயில் தாளாத வீரர்கள் செயின்ட் மாக்சீம் கடற்கரையில் பந்தயத்தையே நிறுத்திவிட்டுக் கடலில் இறங்கினர். பந்தய உடையோடு தண்ணீரில் நிற்கும் அவர்களைக் கண்டு எவரும் குடித்திருக்கிறார்கள் என்று எழுதவில்லை. வெயில் என்றே எழுதினார்கள். அந்த வெயில் ஸாஃபுக்கு மட்டும் ஏன் போதவில்லை?

1952 இல் எடுத்த மற்றொரு புகழ்பெற்ற படத்தில் இத்தாலிய வீரர்கள் கோப்பியும் பார்த்தாலியும் மலையேற்றத்தில் ஒரு புட்டியை ஒருவர் கையிலிருந்து மற்றவர் வாங்குகிறார்கள். கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று இத்தாலி பல்லாண்டுகள் வாதாடியது. ஆனால் அங்கே இருவரில் எவருக்குப் பெருந்தன்மை என்பதே வழக்கு. புட்டியில் என்ன இருந்தது என்று கேட்டு அவர்கள் மானத்தை யாரும் எடைபோடவில்லை.

கதையால் ஸாஃபுக்கு ஆதாயமும் இருந்ததை மறைக்கலாகாது. ஊர் ஊராகப் பந்தயங்களுக்கு அழைத்தார்கள். வென்றவரைவிட விழுந்தவரைக் காணவே கூட்டம் கூடியது. அவரும் அழைத்த இடங்களுக்குச் சென்றார். பிழைக்க வந்த மனிதரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

மறுநாள் காலையில் அவர் செய்ததை மட்டும் படத்தின் கீழே எழுதுவோர் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். நீம் நகரில் பந்தயம் புறப்படும் இடத்துக்கு வந்து, முந்திய நாள் விட்டுப்போன தூரத்தை இப்போதே ஓட்டி முடித்துவிடுகிறேன், என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஸாஃப் வேண்டினார். நடுவர்கள் இணங்கவில்லை. அடுத்த ஆண்டு, 1951 இல், மீண்டும் வந்தார். பந்தயத்தை முடித்த 66 பேரில் கடைசியாக, பாரிஸ் வரை சரியான திசையிலேயே ஓட்டி வந்து சேர்ந்தார்.