வண்டி கட்டிப் போன படம்

வீட்டிலுள்ள அத்தனை பேரும் ஒன்றாகப் புறப்பட்டுப் போய் ஒரு திரைப்படம் பார்த்துத் திரும்புவது சாதாரணச் செய்தியாகத் தோன்றலாம். ஆனால் கைக்குழந்தையையும் கண் மங்கிய பெரியவர்களையும் வீட்டில் விட்டுவிடாமல், கட்டுச்சோற்றையும் தூக்கிக்கொண்டு போய் உட்கார இடம் எங்கே இருக்கிறது? இந்தக் கேள்விக்கு உலகின் இரு மூலைகளில் இரு வேறு விடைகள் கிடைத்தன. ஒன்று அமெரிக்காவின் டிரைவ்-இன் தியேட்டர். மற்றொன்று நம் காவிரிப் படுகையின் டூரிங் கொட்டகை. இரண்டிலும் உட்கார்ந்து பார்த்தவர் என் அப்பாயி. அவர் சொன்னவற்றையும் நான் படித்து அறிந்தவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

காரில் வந்த குடும்பம்

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தைச் சேர்ந்தவர் ரிச்சர்டு ஹாலிங்ஸ்ஹெட். அவர் தம் வீட்டு வாசலில் இரு மரங்களுக்கிடையே ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினார். கார் முகப்பின் மேல் படக்கருவியை வைத்துத் துணியில் படத்தை விழச் செய்தார். துணிக்குப் பின்னால் ஒரு வானொலிப் பெட்டியைப் பாட விட்டார். காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்க முடியுமா என்பதுதான் அவருடைய சோதனை. முடிந்தது. 1933 ஆம் ஆண்டு ஜூன் 6 ஆம் நாள் கேம்டன் நகரத்துக்கு அருகே உலகின் முதல் டிரைவ்-இன் தியேட்டரைத் திறந்தார். காருக்கு 25 சென்ட், ஆளுக்கு 25 சென்ட் கட்டணம்.

முன்னால் நிற்கும் கார் பின்னால் நிற்கும் காருக்கு மறைக்காதா? அதற்கும் அவர் வழி கண்டார். வரிசை வரிசையாக மண்ணை மேடாக்கி, காரின் முன்சக்கரங்கள் மேட்டில் ஏறி நிற்கும்படி செய்தார். அழுகிற குழந்தையைக் கண்டு யாரும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. உடை மாற்றிக்கொண்டு வர வேண்டியதில்லை. அதனால் குடும்பங்கள் திரண்டு வந்தன. 1950களின் இறுதியில் அமெரிக்காவில் ஏறத்தாழ 4,000 டிரைவ்-இன் தியேட்டர்கள் இருந்தன. நம் நாட்டில் அகமதாபாத்தில் 1973 இலும், சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் 1991 இலும் அத்தகைய அரங்குகள் வந்தன.

மாட்டு வண்டியில் வந்த குடும்பம்

நம் பக்கத்துக் கதை இதற்கும் முந்தியது. திருச்சிராப்பள்ளியில் இரயில்வே அலுவலகத்தில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905 இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டப் புறப்பட்டார். படம் பார்க்க மக்கள் பட்டணத்துக்குப் போக வேண்டாம், படமே மக்களிடம் வரட்டும் என்ற வழி அன்று பிறந்தது. பின்னாளில் அது டூரிங் டாக்கீஸ் ஆகி, 1955 ஆம் ஆண்டுச் சென்னைத் திரையரங்கு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் தற்காலிக உரிமம் பெற்று நடக்கலாயிற்று.

நெல் விளையும் நம் நாட்டில் கொட்டகைக்கும் வயலுக்கும் ஓர் உறவு உண்டு. மேட்டூர் அணையை ஜூன் 12 ஆம் நாள் திறப்பது மரபு. தண்ணீர் வந்துவிட்டால் குறுவை நாற்று, சம்பா நடவு, களை என்று மூச்சுவிட நேரம் இராது. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து, கூலி நெல் வீட்டுக்கு வந்த பிறகுதான் உழைப்பவன் நிமிர்ந்து பார்க்க முடியும். வயல் காய்ந்து, வண்டிப்பாதை கெட்டிப்பட்டு, கையில் நாலு காசும் இருக்கும் அந்த மாதங்களே எங்கள் பக்கத்தில் கொட்டகைக்குக் கூட்டம் சேரும் மாதங்கள்.

மாலை ஆறு மணிக்குக் கூம்பு ஒலிபெருக்கியில் சீர்காழி கோவிந்தராசனின் பிள்ளையார் பாட்டுக் கேட்கும். அதுதான் சுற்று வட்டாரத்துக்கே கடிகாரம். வசதி உள்ளவர்கள் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். கொட்டகையைச் சுற்றி வண்டிகள் அவிழ்த்து விடப்பட்டிருக்கும். மாடுகள் வைக்கோலை அசை போட்டபடி படுத்திருக்கும். நடந்து வருகிறவர்கள் அரிக்கேன் விளக்கோடு வருவார்கள். உள்ளே தரை, பெஞ்சு, நாற்காலி என மூன்று வகுப்பு. தரை என்றால் ஆற்று மணல். ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே ஒரு தடுப்பு. முன்னால் இருப்பவர் தலை மறைத்தால் மணலைக் குவித்து மேடாக்கி அதன் மேல் உட்கார்ந்துகொள்வார்கள். உடனே பின்னாலிருந்து கூச்சல் எழும். ஹாலிங்ஸ்ஹெட் கார்களுக்குச் செய்ததை நம் மக்கள் கையாலேயே செய்துகொண்டார்கள் என்று நினைத்துச் சிரித்திருக்கிறேன்.

பெரும்பாலான கொட்டகைகளில் படக்கருவி ஒன்றே ஒன்றுதான். ஒரு சுருள் முடிந்து மறு சுருள் மாட்டும் வரை படம் நிற்கும். ஆகவே ஒரு படத்துக்கு மூன்று, நான்கு இடைவேளைகள். இரண்டு கரிக்குச்சிகளுக்கிடையே மின்சாரத்தைத் தாவவிட்டு அந்தச் சுடரின் ஒளியில் படம் காட்டினார்கள். குச்சி எரிந்து தேயத் தேய அதை ஒருவர் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். அவர் சற்றுக் கண்ணயர்ந்தால் திரை மங்கிவிடும், கூச்சல் கிளம்பும். இயற்பியல் வகுப்பில் கரிவில் விளக்கைப் பற்றிப் படித்த அன்று வீட்டில் சொன்னேன். "அதுவா! எரிஞ்ச குச்சியைப் பொறுக்கி வந்து உங்க அப்பன் சுவத்துல கிறுக்குவான்" என்றார் அப்பாயி.

திரைக்கு அந்தப் பக்கம்

டூரிங் கொட்டகைக்குப் போவதற்கு முன்பே அப்பாயி படம் பார்த்திருக்கிறார். பாமணியாற்றங்கரையில் உள்ள எங்கள் ஊருக்கு எப்போதாவது விளம்பர வண்டி வரும். திடலில் இரண்டு மூங்கில் நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். செய்திப் படம், வேளாண்மைப் படம், குடும்பக் கட்டுப்பாட்டுப் படம், சில நாள் ஒரு கதைப்படமும் உண்டு. காசு கிடையாது. ஊர்த் தெருக்காரர்கள் திரைக்கு முன்னால் உட்காருவார்கள். எங்கள் தெருவார் திரைக்குப் பின்னால் உட்காருவார்கள். அப்படி யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. சொல்லவும் இல்லை. எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான்.

துணியின் பின்புறத்திலும் படம் தெரியும். ஆனால் கண்ணாடியில் தெரிவது போல இடம் வலமாகத் தெரியும். எழுத்துகளெல்லாம் திரும்பி நிற்கும். அப்பாயிக்குப் படிக்கத் தெரியாது, ஆகையால் அது அவருக்கு உறைக்கவில்லை. அவர் கவனித்தது வேறு. படத்தில் வருகிறவர்கள் எல்லோரும் இடக்கையால் சோறு உண்டார்கள். பெண்கள் எல்லோரும் முந்தானையை வலத்தோளில் போட்டிருந்தார்கள். பட்டணத்துப் பெண்கள் அப்படித்தான் சேலை கட்டுவார்கள் போலும் என்று பல ஆண்டுகள் எண்ணியிருந்தாராம்.

அந்தக் காலத்து நிலையை இன்றைய மாணவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். தஞ்சை மாவட்டத்துப் பண்ணையாட்களின் கூலிக்கும் வேலைக்கும் பாதுகாப்புத் தர 1952 இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் பொழுதுக்கு முன் வயலில் இறங்கி, பொழுது சாய்ந்தபின் கரையேறும் வாழ்க்கை சட்டென்று மாறிவிடவில்லை. அத்தகைய ஒருவருக்குக் குடும்பத்தோடு ஓர் இரவு வெளியே போய் வருவது வெறும் பொழுதுபோக்கா?

1970களின் தொடக்கத்தில், ஒரு மாசி மாதம், அறுப்புக் கூலி நெல்லில் கொஞ்சம் விற்றுத் தாத்தா எல்லோரையும் கொட்டகைக்கு அழைத்துப் போனார். தரைக்கு நாலணா, அதாவது 25 காசு. மூன்று மைல் நடை. பெரிய அத்தை இடுப்பில், பெரியப்பா தாத்தாவின் தோளில், தூக்குப் பாத்திரத்தில் புளிச்சோறு. வேலை முடித்துக் குளித்துப் போவதற்குள் முதல் ஆட்டம் தொடங்கிவிட்டதால் இரண்டாம் ஆட்டம்தான் கிடைத்தது. சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போன அப்பாயி, பழக்கத்தால் திரைக்குப் பின்புறம் போக வழி எங்கே என்று தேடியிருக்கிறார். தாத்தா கையைப் பிடித்து நிறுத்தி, "சீட்டு வாங்கியிருக்கு, இங்கேயே உட்காரு" என்றாராம்.

உட்கார்ந்தார். பக்கத்தில் யார் யாரோ. ஊர்த் தெருப் பெண்கள் இருவர் அதே மணலில், கை எட்டும் தூரத்தில். விளக்கு அணைந்தது. படம் ஓடியது. அதில் வந்த பெண்ணின் முந்தானை இடத்தோளில் இருந்தது.

"அன்னைக்குத்தான் தம்பி படத்தோட முன்பக்கத்தைப் பார்த்தேன்" என்று அப்பாயி சொல்வார். கதை என்ன என்று கேட்டால் அவருக்கு நினைவில்லை. முந்தானை மட்டும் நினைவிருக்கிறது.

ஈழத்து அறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி, தமிழர்கள் அனைவரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் இடம் திரையரங்கே என்றும், அங்கே இடத்தை முடிவு செய்தது பிறப்பு அன்று, வாங்கும் சக்தியே என்றும் எழுதியுள்ளார். கல்லூரி நூலகத்தில் அக்கருத்தைப் படித்தபோது, இதை எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒருவர் சொல்லிவிட்டாரே என்று தோன்றியது. நாலணாவுக்குச் சமத்துவம் கிடைத்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. படம் முடிந்து வெளியே வந்ததும் தெரு தெருவாகத்தான் பிரிந்து நடந்தார்கள். வண்டி உள்ளவர்கள் வண்டியில் போனார்கள். ஆனாலும் மூன்று மணி நேரம் ஒரே மணல், ஒரே திசை. அது சிறிய செய்தி அன்று.

ஈஞ்சம்பாக்கத்தில் ஓர் இரவு

2016 ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் சென்னைக்குப் போயிருந்தோம். சித்தப்பா அங்கே வாடகைக் கார் ஓட்டுகிறார். அப்பாயிக்குக் கடற்கரைச் சாலையைக் காட்ட வேண்டும் என்று எங்கள் அனைவரையும் காரில் அடைத்துக்கொண்டு ஈஞ்சம்பாக்கம் பிரார்த்தனா டிரைவ்-இன் தியேட்டருக்கு அழைத்துப் போனார். வரிசையாகக் கார்கள். காருக்கு முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருந்த குடும்பங்கள். சிலர் வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டு வந்திருந்தார்கள். குழந்தைகள் ஓடி விளையாடின.

அப்பாயி சுற்றிலும் பார்த்தார். "இது நம்ம கொட்டகைதானேடா. மாடு மட்டும்தான் இல்லை" என்றார். சித்தப்பா சிரித்தார். பாயில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு வெகுநேரம் அந்தப் பெரிய திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர், என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "தம்பி, இதுக்குப் பின்னாலயும் படம் தெரியுமா?"

"இது துணி இல்லை அப்பாயி. பின்னால் ஒன்றும் தெரியாது."

"அப்ப சரி" என்றார். காலை நீட்டி வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

அப்போது நான் பள்ளிச் சிறுவன். அந்தக் கேள்வியின் பொருள் எனக்கு விளங்கவில்லை. திரைக்குப் பின்னால் உட்கார்ந்த கதையை அவர் எனக்குச் சொன்னது அதற்கு வெகுநாள் கழித்துத்தான்.

ஒலியின் பாடம்

இயற்பியல் மாணவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதல் டிரைவ்-இன் தியேட்டரில் ஒலிபெருக்கிகள் திரையருகே இருந்தன. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் செல்லும். திரைக்கு 100 மீட்டர் பின்னால் நிற்பவருக்கு அது வந்து சேர 0.3 நொடி ஆகும். படமோ நொடிக்கு 24 சட்டங்கள் ஓடுகிறது. ஆகவே பேச்சு ஏழு சட்டங்கள் பின்தங்கும். வாயசைவு ஒரு பக்கம், சொல் ஒரு பக்கம். 1941 முதல் ஒவ்வொரு காருக்குள்ளும் தனித்தனி ஒலிபெருக்கி வந்த பிறகே இக்குறை தீர்ந்தது. நம் கொட்டகையில் கடைசி ஆள் முப்பது மீட்டரில் இருப்பார்; இரண்டு சட்டங்களே வேறுபாடு; எவருக்கும் தெரியாது. நெருக்கியடித்து உட்கார்ந்ததில் இப்படியும் ஒரு நன்மை! காருக்குள் தனி ஒலி வந்ததும் ஒவ்வொரு குடும்பமும் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தனித்தனியாகக் கேட்கலாயிற்று. கொட்டகையில் ஒருவர் சிரித்தால் எல்லோரும் சிரித்தார்கள்.

இன்று

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 இல் தொடங்கியது. 2006 முதல் அரசு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை இலவசமாக வழங்கியது. திரை வீட்டுக்குள் வந்தது. கொட்டகைகள் ஒவ்வொன்றாகக் கீற்றைப் பிரித்தன. எங்கள் பக்கத்துக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது நெல் காயப்போடுகிறார்கள். இன்று எங்கள் வீட்டில் ஐந்து பேர், நான்கு கைப்பேசிகள். ஒரே கூடத்தில் உட்கார்ந்து நான்கு படம் பார்க்கிறோம். எவரும் எவருக்கும் பின்னால் இல்லை. எவரும் எவரோடும் இல்லை.

பழைய காலமே பொற்காலம் என்று நான் வாதாடவில்லை. திரைக்குப் பின்னால் உட்கார்ந்தவரின் பேரன் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் முன்னால் வந்து உட்கார்ந்த அந்த இரவுக்கு ஒரு மதிப்பு உண்டு. அதை யாரும் ஏட்டில் எழுதி வைக்கவில்லை. கொட்டகைக்காரர் கிழித்துக் கொடுத்த சீட்டும் மிஞ்சவில்லை. அப்பாயி போன்றவர்களின் நினைவில் மட்டும் அது இருக்கிறது.

மாணவ நண்பர்களே! விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் முதன்முதலில் பார்த்த படம் எது என்று கேளுங்கள். பெயர் நினைவில்லை என்பார்கள். அத்தோடு விட்டுவிடாதீர்கள். யாரோடு போனீர்கள், எதில் போனீர்கள், எங்கே உட்கார்ந்தீர்கள் என்று கேளுங்கள். அதற்கு அவர்களிடம் விடை இருக்கும். அந்த விடையில் நம் ஊர்களின் வரலாறு இருக்கும்.