கிளம்பினால் போதுமா?

ஜவ்வாது மலை. பெயரைச் சொன்னாலே மூக்கு ஒரு வாசனையை எதிர்பார்க்கும். ஜமுனாமரத்தூர் போகிறவர்கள் பீமன் அருவியைப் பார்ப்பார்கள், கோமுட்டேரியில் படகு விடுவார்கள், சாமை அரிசியும் தேனும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். எனக்கு வாய்த்தது வேறு வாசனை. நாலு வருஷத்துக்கு மேலாக டாங்கில் கிடந்த பெட்ரோல் வாசனை! வார்னிஷ் டப்பாவைத் திறந்த மாதிரி இருந்தது.

அந்த பெட்ரோலுக்குச் சொந்தக்காரர் என் மாமா. மலையிலேயே வாத்தியார் வேலை பார்த்து, ரிட்டயர் ஆனபிறகும் இறங்க மனசில்லாமல் அங்கேயே வீடு கட்டிக்கொண்டவர். கார், 1986 மாடல் பிரீமியர் பத்மினி. 1,089 சி.சி. எஞ்சின், ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே கியர், சோபா மாதிரி முன் சீட்டு. மும்பையில் கடைசி பத்மினி டாக்ஸி 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றுவிட்டது. மாமாவின் பத்மினி அதற்கு முன்பே ஷெட்டில் ஓய்வெடுக்க ஆரம்பித்துவிட்டது.

2021-ல் பதிவைப் புதுப்பித்துக்கொண்டு வந்து நிறுத்தினார். அப்புறம் கண்ணில் புரை. அப்புறம் முழங்கால். அப்புறம் 'நாளைக்குப் பார்த்துக்கலாம்'. சொந்த உபயோகக் காருக்கு முதல் 15 வருஷம் கவலையில்லை. அதன்பின் 5 வருஷத்துக்கு ஒரு தடவை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். இப்போது கெடு வந்துவிட்டது. ஆர்.டி.ஓ. ஆபீஸ் கீழே, வண்டி மேலே. நடுவில் போளூர் வரைக்கும் சுமார் 40 கிலோமீட்டர். அதில் வளைந்து வளைந்து இறங்கும் மலைப்பாதையும் அடக்கம்.

"ஓடாத வண்டி எப்படிடா கெடும்?" என்றார் மாமா.

நான் பி.காம். வருமான வரிச் சட்டப்படி, வாங்கிய வருஷத்தில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்திய சொத்துக்குப் பாதித் தேய்மானம்தான். இந்தச் சட்டம் இரும்புக்கும் ரப்பருக்கும் தெரியாது. ஓடும் வண்டி தேயும். நிற்கும் வண்டி துருப்பிடிக்கும், காயும், ஒட்டிக்கொள்ளும்.

அமெரிக்காவில் டல்சா என்று ஒரு ஊர். 1957-ல் அங்கே ஒரு புத்தம்புது பிளிமத் காரை கான்க்ரீட் அறைக்குள் வைத்துப் புதைத்தார்கள். 50 வருஷம் கழித்து எடுப்பதாக ஏற்பாடு. எதிர்காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போய்விட்டால்? அதற்காகக் கூடவே பெட்ரோலும் ஆயிலும் வைத்தார்கள். 2007-ல் ஊரே கூடி நின்று திறந்தது. உள்ளே தண்ணீர் புகுந்து, கார் முழுக்கத் துரு! அந்தக் காரைப் பரிசாக ஜெயித்தவரோ 1979-லேயே காலமாகியிருந்தார். ஓடி உழைக்காத கார்.

போளூரிலிருந்து மெக்கானிக் அண்ணன் பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் ஒரு கோணிப்பை. சாவியைக் கேட்கவே இல்லை. முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றினார். உள்ளே எலி குடும்பம் நடத்தி, காலி செய்துவிட்டுப் போன வீடு. வொயர்களில் இரண்டு இடத்தில் பல் பட்டிருந்தது. டாங்கைக் காலி செய்தார். நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டார்.

"ராத்திரி முழுக்க ஊறட்டும் தம்பி. காஞ்ச எஞ்சினை செல்ஃப் போட்டு மிரட்டினா பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும்தான் அடிபடும்."

மறுநாள் காலை, பனி விலகுமுன் ஸ்பேனர் போட்டு எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்த்தார். சுற்றியது. அண்ணன் முகத்தில் முதல் சிரிப்பு.

அடுத்தது விசாரணை. கிளம்பாத எஞ்சினிடம் கேட்க இரண்டே கேள்விதான் என்றார். நெருப்பு வருதா? பெட்ரோல் வருதா? பிளக்கை பாடியில் வைத்துச் சுற்றினால் பொறியைக் காணோம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால், பாயின்ட்டில் பச்சை பூத்திருந்தது. எமரி பேப்பரால் இரண்டு இழுப்பு. பளிச்சென்று நீலப் பொறி! கார்பரேட்டரைப் பிரித்தால், ஜெட்டில் பழைய பெட்ரோல் கோந்தாக அடைத்திருந்தது. பெட்ரோல் ஓஸ் விரலில் நொறுங்கியது. இப்போது பங்க்கில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பருக்கு அது ஆகாது. அதற்குத் தாங்குகிற புது ஓஸ் போட்டார். டாங்கை நம்பாமல், பானெட்டில் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டு, அதிலிருந்து நேராக கார்பரேட்டருக்கு பெட்ரோல் விட்டார். புது பேட்டரி. செல்ஃப். ஒரு இருமல், இரண்டு இருமல், ஒரு புகைமண்டலம்... எஞ்சின் பாட ஆரம்பித்துவிட்டது!

தெருவே கைதட்டியது. அத்தை எலுமிச்சம்பழத்துடன் ஓடிவந்தார். எட்டு வயசுப் பேத்தி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "ஒரு ரவுண்டு கீழே வரைக்கும் போய்ட்டு வந்துடலாம்" என்றார்.

அண்ணன் எஞ்சினை அணைத்தார். சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"எறங்கு பாப்பா. சார், கெளம்புமான்னு பாத்தாச்சு. நிக்குமான்னு இன்னும் பாக்கலை."

"பெடல் கெட்டியாத்தானே இருக்கு?"

"இங்க கெட்டியா இருக்கும் சார். மலையில எறங்கறப்ப நாலாவது வளைவுல இருக்குமா?"

ஜாக்கி போட்டு டிரம்மைக் கழற்ற அரை மணி நேரம் சுத்தியலால் தட்ட வேண்டியிருந்தது. உள்ளே லைனிங் டிரம்மோடு துருவில் ஒட்டியிருந்தது. பின்பக்க வீல் சிலிண்டரில் ஒன்று இறுகிப் போயிருந்தது. இன்னொன்றின் ரப்பர் வாஷரை நீக்கினால் ஈரம். கசிவு! கைதட்டிய கைகளெல்லாம் இறங்கிவிட்டன. பேத்தி உட்கார்ந்திருந்த சீட்டை அத்தை ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

கசிவு கண்ணுக்குத் தெரிந்தது. தெரியாத ஆபத்து பிரேக் ஆயிலில். அது காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும் சாதி. 'டாட் 3' ரக ஆயில் புதுசில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால், 140 டிகிரி தாங்கினாலே போதும் என்றுதான் தர விதியே சொல்கிறது. சமதரையில் இந்த வித்தியாசம் தெரியாது. மலையிறக்கத்தில் விடாமல் மிதித்தால் டிரம் சூடேறும், அந்தச் சூட்டில் ஆயில் கொதிக்கும், குழாயில் ஆவி சேரும். ஆயிலை அழுத்தினால் அழுந்தாது, ஆவி அழுந்தும். பெடல் தரையைத் தொடும். வண்டி தன்பாட்டுக்குப் போகும்.

டயரையும் விடவில்லை. பக்கவாட்டில் நாலு எண் இருக்குமே, பார்த்திருக்கிறீர்களா? முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். நம்முடையது 2314. அதாவது 2014-ன் 23-வது வாரம். பட்டன் அழகாக இருந்தது. பக்கச் சுவரில் விரிசல் ஓடியிருந்தது. நாலும் மாற்ற வேண்டியதாயிற்று.

சாமான் வர இரண்டு நாள். சும்மா இருப்பானேன் என்று காவலூர் போனேன். அதே மலையில், சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கும் வைணு பாப்பு வானாய்வகம். 2.34 மீட்டர் தொலைநோக்கியைத் திட்டமிட்ட வைணு பாப்பு 1982-லேயே காலமாகிவிட்டார். அது திறக்கப்பட்டது 1986 ஜனவரியில். அட, நம்ம பத்மினிக்கு சம வயசு! அந்தக் கண்ணாடியின் அலுமினியப் பூச்சும் சும்மா இருந்தாலே மங்கும். மங்கினால் ரசாயனத்தால் கழுவி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுகிறார்கள். ஒன்று நட்சத்திரம் பார்க்கிறது, இன்னொன்று எலி வளர்த்தது. வயசில் வித்தியாசமில்லை, கவனிப்பில்தான்.

வீல் சிலிண்டர், பிரேக் ஷூ, ஓஸ், புது ஆயில் எல்லாம் போட்டு, நாலு சக்கரத்திலும் ஏர் எடுத்தார் அண்ணன். சமதரையில் நடக்கிற வேகத்தில் பத்து தடவை பிரேக். அப்புறம் ஏற்றத்தில் சோதனை. "ஏத்தத்துல பிரேக் கைவிட்டாலும் பூமி புடிச்சுக்கும்" என்றார்.

நாலாம் நாள் இறங்கினோம். அண்ணன் ஓட்ட, மாமா பக்கத்தில். அத்தையும் பேத்தியும் பஸ்ஸில். பின் சீட்டில் நான், மடியில் ஒரு மரக்கட்டை. வண்டியை நிறுத்தியதும் குதித்துச் சக்கரத்துக்குக் கட்டை போடுவது என் பொறுப்பு. பி.காம். முடித்தபின் கிடைத்த முதல் நிர்வாகப் பதவி!

ஏறுகிற கியரிலேயே இறக்கம். இரண்டாவது கியரில் எஞ்சின் முனகிக்கொண்டே வந்தது. வழியில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் காட்டிப் பார்த்தார். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டது. ஷூ உரசுகிறது என்று அர்த்தம். ஆறவிட்டு, அட்ஜஸ்ட் செய்து, மறுபடி கிளம்பினோம்.

அடிவாரம் நெருங்கும்போது ஒரு பசுமாடு, ரோட்டின் குறுக்கே, அவசரமே இல்லாமல். அண்ணன் மிதித்தார். வண்டி பத்தடி முன்னாலேயே நின்றது. மாடு எங்களைப் பார்த்துவிட்டு நிதானமாகக் கடந்து போனது.

மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியாடா, என் வண்டி எப்படி ஓடுது!"

"ஓடுனதை விடுங்க சார்" என்றார் அண்ணன், "நின்னதைப் பாருங்க!"