பிரேக்கும் ஷொக்கும்: மலையக இறக்கங்களில் ஒரு பழைய பஜேரோ

"பிரேக் செயலிழந்தமையால் வாகனம் பள்ளத்தில் வீழ்ந்தது." மலையகச் செய்திகளில் இவ்வளவு அதிகமாக அச்சேறிய வாக்கியம் வேறொன்று இருக்குமா என்பது ஐயமே. பத்திரிகை மேசையில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த வாக்கியத்தில் ஒரு முக்கியமான தகவல் இல்லை. பிரேக் எப்போதிருந்து செயலிழந்து வந்தது என்பதே அது. கராஜ்காரர் எவரைக் கேட்டாலும், மாதக்கணக்காகத் தேய்ந்ததுதான் ஒரு நாள் இறக்கத்தில் கைவிடுகிறது என்பார்.

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து இறம்பொடை வழியாகக் கம்பளைக்கு வரும் வாகனம் ஏறத்தாழ 1,400 மீற்றர் இறங்குகிறது. இரண்டு தொன் எடையுள்ள வாகனமானால், அந்த இறக்கத்தில் வெளிப்படும் சக்தி 80 லீற்றர் பச்சைத்தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். கியரைக் குறைத்து வந்தால் ஒரு பகுதியை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருபவரோ அநேகமாக அத்தனை சூட்டையும் நான்கு சக்கரங்களுக்குள் கொட்டுகிறார்.

2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்லைச் சரிவில் பஸ், வான், முச்சக்கரவண்டி மோதி ஏழு உயிர்கள் போயின. 2025 மே 11ஆம் திகதி கொத்மலை கெரண்டிஎல்லையில் பஸ் பள்ளத்தில் பாய்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இவற்றுக்கெல்லாம் காரணம் ஒன்றே என்று சொல்ல நான் வரவில்லை. இந்தப் பாதைகள் பிழையை மன்னிப்பதில்லை என்பது மட்டும் உறுதி. போதாக்குறைக்கு, 2020 மார்ச்சில் நின்றுபோன தனியார் வாகன இறக்குமதிக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளும் நாடு பழைய வாகனங்களையே ஒட்டி ஒட்டி ஓட்டியது. என்னுடைய பஜேரோவும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததே. முன்சக்கரங்களுக்கு டிஸ்க், பின்சக்கரங்களுக்கு டிரம் என்று எண்பதுகளில் வந்த வண்டி.

அதன் பிரேக்கையும் ஷொக்குகளையும் ஹட்டனிலுள்ள வீட்டு வாசலிலேயே மாற்றுவதென முடிவு செய்தோம். துணைக்கு வந்தவர், தேயிலைத் தொழிற்சாலையில் பிற்றராக இருந்து ஓய்வு பெற்ற அயலவர். மலைநாட்டில் இத்தகைய வேலையின் முதற்கட்டம் சமதரையைத் தேடுவதுதான்! துணி காயப்போடும் சீமெந்துத் தரையைத் தவிர எங்கள் வளவில் வேறு சமதரை கிடையாது. வீட்டாரிடம் அதற்கு அனுமதி பெற்று, சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்து, ஜேக்கை மட்டும் நம்பாமல் இரும்புத் தாங்கிகளிலும் வண்டியை நிறுத்தினோம்.

உதிரிப்பாகங்களைக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கியிருந்தேன். துளையிட்ட பந்தய டிஸ்க்குகளைக் கடைக்காரர் ஆசை காட்டினார். துளையோரங்களில் வெடிப்புக் காணும் என்று கேட்டிருந்தபடியால் சாதாரண டிஸ்க்கையே எடுத்தேன். தரமான பிரேக் பாட், பின்சக்கரத்துக்குப் புதிய ஷூ, கலிப்பருக்கு ரப்பர் வளையங்கள், நான்கு காஸ் ஷொக்குகள் என்பனவும் வந்தன. பழைய ரப்பர்க் குழாய்களை வளைத்துப் பார்த்தபோது வெடித்திருந்தமையால் அவையும் மாறின.

டிஸ்க் வேலை அரை நாளில் முடிந்தது. ஷொக்குகள்தாம் ஒன்றரை நாளைத் தின்றன. இந்த மண்ணின் மழை, பின்புறத்துக் கீழ் ஆணிகளை இரும்போடு இரும்பாக ஒட்டவைத்திருந்தது. இரவு முழுவதும் எண்ணெயில் ஊறவைத்தும் ஒன்று அசையவில்லை. கிரைண்டரால் அறுக்க வேண்டியதாயிற்று. முன்புறத்தில் சுருள்வில்லுக்குப் பதிலாக முறுக்குக் கம்பி இருப்பதால் அங்கே அபாயமும் இல்லை, தாமதமும் இல்லை.

பின்புறத்தை இரண்டங்குலம் உயர்த்தினால் தோட்டப் பாதைக்கு நல்லது என்றொரு யோசனை எனக்கிருந்தது. பிற்றர் அச்சுக்கு மேலிருந்த சிறிய வால்வைக் காட்டினார். "ஐயா, இது பாரத்த பாத்துத்தான் பின் பிரேக்குக்கு எண்ணெய் விடும். பொடிய ஒசத்துனா வண்டி வெறுமையா இருக்குனு நெனச்சிக்கும்." அதாவது, ஆட்களை ஏற்றி இறங்கும் வேளையிலும் பின்பிரேக் குறைவாகவே பிடிக்கும். பொடியை உயர்த்தி, பெரிய ரயர் பூட்டிக்கொண்டு திரியும் இளைஞர்களில் எத்தனை பேர் இந்த வால்வைக் குனிந்து பார்த்திருப்பார்கள்?

பிரேக்குக்கும் ஷொக்குக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக்கூடும். ஷொக் செத்த வண்டியின் சக்கரம் கற்பாதையில் துள்ளும். அந்தரத்தில் நிற்கும் சக்கரத்தை எவ்வளவு நல்ல பிரேக் பிடித்தும் பயனில்லை.

கடைசி வேலை காற்றெடுத்தல். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். இந்த மூடுபனியூரில் அதற்குப் பஞ்சமில்லை. புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை வெப்பத்தைத் தாங்கும் டொட் 3 எண்ணெய், ஈரமேறியபின் 140 பாகையளவிலேயே கொதித்துவிடக்கூடும். கொதித்தால் குமிழி, குமிழி வந்தால் பெடல் பஞ்சு. நாங்கள் டொட் 4 ஊற்றினோம். அது புதிதில் 230, ஈரமேறினாலும் 155. என் மனைவி சாரதி ஆசனத்தில் அமர, பிற்றர் இடது பின்சக்கரத்தடியில் கிடந்து, "அம்மா, மிதிங்க... புடிங்க... இப்ப விடுங்க" என்று குரல் கொடுத்தார். முதலில் வந்தது அசல் சாயத்தண்ணி நிறம். நான்கு சக்கரங்களையும் அந்த வால்வையும் சுற்றி முடிக்க ஒரு லீற்றருக்குமேல் செலவாயிற்று.

புதிய பாட்கள் டிஸ்க்கோடு பழகும்வரை டிக்கோயாப் பாதையில் மெதுவாக ஓட்டினோம். மறுநாள் வட்டவளை, கினிகத்தேனை வழியாக இரண்டாம் கியரில் கித்துல்கலைக்கு இறங்கினோம். அடிவாரத்தில் நிறுத்திச் சக்கரங்களுக்கருகே கையை வைத்துப் பார்த்தேன். சூடு இருந்தது, கருகல் வாடை இல்லை. பெடலும் காலையில் நின்ற உயரத்திலேயே நின்றது. ஹேண்ட்பிரேக் கேபிள்தான் தளர்ந்திருக்கிறது. அதை அடுத்த ஞாயிறு பார்ப்பதாகப் பிற்றர் சொல்லியிருக்கிறார். அதுவரை வாசலில் கல் அண்டைதான்.