நைனாவின் தவணைச் சைக்கிள்

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2015இல் திருத்தினார்கள். 2016 ஜனவரி 26 முதல் அது நடைமுறைக்கு வந்தது. பொது இடத்தில் தலித் ஒருவர் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ ஏறிப் போவதைத் தடுத்தால் குற்றம், செருப்புப் போடுவதைத் தடுத்தால் குற்றம், புதுத்துணி உடுத்துவதைத் தடுத்தால் குற்றம் என்று அதில் வரிசையாக எழுதியிருக்கிறது. 1989ஆம் வருஷத்துச் சட்டத்தில் பொது இடத்துக்குப் போகும் வழியை மறுப்பது என்று பொத்தாம் பொதுவாகத்தான் இருந்தது. சைக்கிள் என்கிற ஒரு சொல்லை எழுத இவர்களுக்கு 26 வருஷம் ஆகியிருக்கிறது. எங்க நைனா அதை 1999லேயே எழுதி வாங்கிவிட்டார். அவர் போட்டது கைநாட்டுத்தான், பேரூராட்சி அலுவலகத்துச் சைக்கிள் கடன் விண்ணப்பத்தில்.

விழுப்புரம் பக்கம் ஒரு சின்ன டவுனில் நைனா துப்புரவுத் தொழிலாளி. அரசு வேலையில் இருப்பவருக்குச் சைக்கிள் வாங்க முன்பணம் கொடுத்து, மாசாமாசம் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிற ஏற்பாடு அப்போது இருந்தது. ஊழியர் வேலைக்கு வந்துபோகத்தான் அந்தக் கடன். ரசீது அவர் பேரில் இருக்கணும். மகளுக்குப் பரிசு கொடுக்க என்று எழுதுவதற்கு அந்தப் பாரத்தில் இடமில்லை. அக்கா அந்த வருஷம் பத்தாவதில் 412 மார்க். பிளஸ் ஒன் படிக்க ஏழு கிலோமீட்டர் போகணும். காலையில் ஒரே பஸ், அதுவும் வந்தால் உண்டு.

“இத்தினி வருஷமா நடந்துதானய்யா வர்ற, இப்ப இன்னாத்துக்கு சைக்கிள்?” என்று கிளார்க் கேட்டிருக்கிறார். “கால் வலிக்குதுங்க” என்றாராம் நைனா. தெருவெல்லாம் அள்ளிக் கொட்டுகிறவனுக்குக் கால் வலிக்கும் என்பதை அந்த ஆபீஸ் முதல் முறையாகக் காதில் வாங்கியது அன்றைக்குத்தான். கூட வேலை பார்க்கிற ஒருத்தர் ஜாமீன் கையெழுத்துப் போட்டார். 1,500 ரூபாய், 30 தவணை, மாசம் 50.

லேடீஸ் சைக்கிள் வாங்க வழியில்லை. அந்த ரசீதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் கேள்வி வரும். அதனால் பாரு வைத்த கறுப்புச் சைக்கிள். பாவாடை தாவணியோடு அக்கா அதில் பழகினது தனிக் கதை. முதலில் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல், அப்புறம் வரப்பு மேட்டில் காலூன்றி ஏறுவது. முட்டி ரெண்டும் தோல் உரிந்து கிடக்கும். அம்மா மஞ்சள் பூசிக்கொண்டே திட்டுவாள். நைனா ஒருநாள்கூட அந்தச் சைக்கிளில் வேலைக்குப் போகவில்லை. விடியற்காலை நாலு மணிக்கு வழக்கம்போல நடந்தார். “வண்டி எங்கடா?” என்று மேஸ்திரி கேட்டால், “பஞ்சருங்க.” 30 மாசமும் பஞ்சர்!

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்ததைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். எழுத வேண்டியதுதான். ஆனால் சேரிப் பெண்ணுக்குப் பெடல் மிதிக்கக் கற்றுக்கொண்டால் மட்டும் போதாது. எங்கள் சேரியிலிருந்து ரோட்டுக்கு வர ஊர்த்தெருவைத் தாண்டணும். எங்க ஆம்பிளைகள் அந்தத் தெரு முனையில் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், மறுமுனையில் ஏறுவார்கள். தாத்தா காலத்திலிருந்து அப்படி. சைக்கிளில் சாதி இந்துக்களுக்கு என்ன அவ்வளவு ஆத்திரம் என்று கேட்டால், உயரந்தான். நடந்து போகிறவன் திண்ணையில் இருப்பவனைப் பார்த்துக் கும்பிட்டாகணும். சீட்டில் உட்கார்ந்து போகிறவன் தலை திண்ணைக்கு மேலே இருக்கிறது, கையோ ஹேண்டில்பாரில்.

அக்கா இறங்கவில்லை. வீரமென்று அவள் சொல்லிக்கொண்டதும் இல்லை. “பாரு வண்டியில ஏர்றதே பெரும்பாடு. நடுவுல எறங்குனா மறுபடி ஏற வரப்புக்கு எங்க போறது?” என்பாள். நாலாம் நாள் ஊரில் ஒரு பெரிய வீட்டுக்காரர் நைனாவைக் கூப்பிட்டனுப்பினார். “ஏண்டா, உம்பொண்ணு எங்க தெருவுல வண்டியேறிப் போவுதாமே? எறங்கித் தள்ளினு போனா தேஞ்சா பூடும்?”

நைனா துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்: “அது எம்பொண்ணு வண்டி இல்லீங்க. கவர்மெண்டு வண்டி. கடன் அடையற வரைக்கும் ஆபீசு சொத்து. ஒரு கீறல் வுழுந்தாலும் யாரு பண்ணாங்கன்னு நான் எழுதிக் குடுக்கணுங்க.”

இது நைனா அந்த இடத்திலேயே இட்டுக் கட்டினது. இதை நான் ஒரு கூட்டத்தில் சொன்னபோது, துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பேசுவது எப்படி எதிர்ப்பாகும் என்று ஒரு தோழர் கேட்டார். கேட்கலாம். அந்த ஊரில் எங்களுக்கு 20 வீடு, அவர்களுக்கு 200. மறுநாளும் அக்கா வண்டியில்தான் போனாள் என்பது மட்டும்தான் என் பதில்.

காற்றைப் பிடுங்கிவிட்டார்கள், சீட்டில் சாணியைத் தடவினார்கள், பிள்ளைகளை ஏவிப் பின்னால் கத்தச் சொன்னார்கள். எங்க ஆட்களிலேயே, “பொட்டப் புள்ளயால ஊரு பகை வரும்” என்று நைனாவிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. டயரைக் கிழிக்க மட்டும் யாரும் துணியவில்லை. கவர்மெண்டு டயராச்சே.

2001-02இல் பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கிற ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு அரசு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது. எங்கள் சேரிக்கு மூன்று வந்தன. மூன்றும் லேடீஸ் சைக்கிள். அக்கா அதற்குள் பிளஸ் டூ முடித்துவிட்டாள், டைப்ரைட்டிங் கிளாசுக்கு அதே பாரு வண்டியில் போய்க்கொண்டிருந்தாள். நாலு பொண்ணுங்களும் ஒன்றாகக் கிளம்பும்.

அந்தத் தை மாசம் கடைசித் தவணை. நைனா முழுச் சம்பளத்தை அம்மா கையில் கொடுத்து, “இத்தோட முடிஞ்சிது” என்றார். அம்மா வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “வெளியில யாருகிட்டயும் சொல்லாத. இன்னும் பாக்கி கீதுன்னே சொல்லு.”