பிரிக்கப்படாத பை

"கப்பலை மட்டும் தாங்கோ ஐயா, ஸ்டாண்டை நாங்கள் பாத்துக்கொள்ளுறம்."

கண்காட்சி வைத்த பொடியன் மரியாதையாகத்தான் கேட்டான். பதினொரு மாதம் இருந்து கட்டிய அன்னபூரணி மாதிரிக் கப்பலைக் கொடுத்தேன். நாலாம் நாள் திரும்பி வந்தது. முன் பாய்மரம் ஒடிந்திருந்தது. ஏரா என்னும் அடிமரத்தின் கீழ் சூட்டுப் பசை சீழ்போல உறைந்திருந்தது. யாரோ மேசையை இடித்துவிட்டார்களாம். அசல் அன்னபூரணி எங்கள் வல்வெட்டித்துறையில் கட்டிய கப்பல். வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்க, எங்கள் மாலுமிகள் ஓட்டிச்சென்று 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் குளொஸ்டரில் சேர்த்தார்கள். அட்லாண்டிக் உடைக்காததை ஒரு மேசை உடைத்தது.

ஸ்டாண்ட் கடைசி வேலையாம்! வெளிநாட்டுப் பெட்டிகளில் வெட்டியே வரும் துண்டுகளை ஒட்டுகிற இன்றைய பிள்ளைகள் அப்படித்தான் நினைக்கிறார்கள். பலகை போட முன்னரே ஏராவின் இருபக்கமும் தேக்குக் கட்டை வைத்து, அதற்குள் ஸ்டாண்ட் போல்ட்டுக்கான நட்டைப் புதைத்துவிட வேண்டும். மூடிய பிறகு நட்டு கழன்றால் உள்ளே கை போகாது. அப்படிக் கழன்ற நட்டோடு ஒரு கப்பல் ஏழு வருஷம் என் வீட்டில் இருந்தது. தூக்கினால் கிலுகிலுப்பைதான்.

எனக்குத் தொழில் காட்டிய ஓடாவியார் (பெயரை எழுதினால் மேலிருந்தும் கோபிப்பார்) ஒரு மாதம் முழுக்கத் துளை போட மட்டும் விட்டார். ஏராவின் தடிப்பு ஐந்து மில்லிமீற்றர், துளை மூன்று. இரு பக்கமும் மிஞ்சுவது ஒவ்வொரு மில்லிமீற்றர் மரம். துளைக்கும் ஊசிக்குப் பக்கத்தில் முகக்கண்ணாடித் துண்டொன்றைப் படுக்க வைப்பார். ஊசியும் அதன் பிம்பமும் ஒரே கோடாக நின்றால் நேர், முறிந்து தெரிந்தால் சரிவு. நான் போட்ட துளையைப் பார்ப்பார், கட்டையை முறித்து அடுப்படிப் பக்கம் எறிவார். அந்த மாதம் அவர் வீட்டில் விறகுப் பஞ்சமே இல்லை. ஒருநாள் பொறுமை கெட்டு, இன்னும் எத்தனை என்று கேட்டுவிட்டேன்.

"அவசரமெண்டால் பஸ்ஸில போ. இஞ்சை ஏன் வந்தனீ?"

ஸ்டாண்டுத் தூண்களின் உயரமும் அவர் காட்டியதுதான். பாய்க்கப்பல்கள் பலவும் பின்பக்கம் கூட ஆழும். இரண்டு தூணையும் ஒரே அளவில் வெட்டினால் கப்பல் மூக்குக் குத்தி நிற்கும். முன்தூண் உயர்ந்து, நீர்க்கோடு பீடத்துக்குச் சமாந்தரமாக வர வேண்டும். இதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதா? பீடத்தின் அடியில் தோல் வாஷர் போட்டு, விரலால் முறுக்கி, மேலே கால் சுற்று. அதற்கு மேல் போனால் மாரியில் மரம் ஊதி ஏரா வெடிக்கும்.

போர்ட்ஸ்மத் உலர்துறையில் 1922இலிருந்து நிற்கும் விக்டரி என்ற பழைய போர்க்கப்பலைப் பாருங்கள். பழைய தாங்கிகள் உடலை அமுக்கி வளைத்ததால் அண்மையில் 134 புதிய தாங்கிகள் கொடுத்தார்கள். அங்கே யாரும் 'ஸ்டாண்டை நாங்கள் பாத்துக்கொள்ளுறம்' என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

போன கிழமை பசையைச் சுரண்டி எடுத்தேன். நட்டுகள் இரண்டும் வைத்தபடியே இருந்தன. அவற்றுக்குரிய போல்ட்டுகளையும் பித்தளைத் தூண்களையும் ஒரு துணிப்பையில் போட்டு, சுக்கானோடு கட்டித்தான் அனுப்பியிருந்தேன். எது முன்தூண் என்று எழுதி வைக்கவில்லைதான். பார்த்தால் தெரியாதா?

பையின் முடிச்சு நான் போட்டபடியே இருந்தது.